பீர்க்கண்ணு அணைத்த விளக்கு

கோட்டாற்றில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விட்ட பீர்க்கண்ணுவுக்கு அரசியல் என்றாலே பயம். கல்யாணத்துக்கும் தர்கா கந்தூரிக்கும் கோயில் கொடைக்கும் நிம்மதியாகப் போய்வருவான். காங்கிரஸ் கூட்டமென்றால் மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான். நாளைக்குப் போலீஸ் கேட்டால், பேசினவன் முகத்தையே பார்க்கவில்லை என்று சத்தியம் பண்ணலாமே! கைதட்டல் எழுந்தால் உடனே விளக்குக்குக் காற்றடிப்பான். தட்டுவதற்குக் கை ஒழியவில்லை பாருங்கள்.

முப்பத்தெட்டாம் வருஷம் சர்க்கார் தடையை மீறிக் காங்கிரஸ்காரர்கள் சந்தையில் கூட்டம் போட்டார்கள். "போவாதீங்க" என்று மனைவி சுலைகா பீவி மறித்தாள். விளக்குக் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்தாயிற்று, போனான்.

இருட்டியதும் பேச்சு சூடேறியது. தடியோடு போலீஸ் வந்து குதித்தது. தன் முகம் தெரிந்துவிடுமே என்ற பதற்றத்தில் பீர்க்கண்ணு விளக்கின் காற்றைத் திறந்துவிட்டு அணைத்தான். இருந்ததே அந்த ஒரு விளக்குதான். பேச வந்தவர்கள் எல்லோரும் இருட்டில் தப்பிவிட்டார்கள். கொதிக்கிற விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடமுடியாத அவன் மட்டும் அகப்பட்டான்.

"யாருலே அணைக்கச் சொன்னது?" என்று ஸ்டேஷனில் அடித்து அடித்துக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"பயம்தான் ஏமானே."

சத்தியமான பதில். ஒருத்தரும் நம்பவில்லை.

விடுதலையாகி வெளியே வந்தான். வாசலில் மாலையோடு ஒரு கூட்டம் அவன் பேரைச் சொல்லி ஜே போட்டது. பட்டப்பகல். அணைக்க அவன் கையில் விளக்கும் இல்லை.