வெளிச்சம் போடாத கேமரா

என் தம்பி காளிச்சாமி ஒரு தேங்காய் வாங்குவதற்குப் பத்துத் தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பவன். சைக்கிளுக்கு சீட் வாங்க மூன்று நாள் கடைக்கு நடந்தான். பெண் பார்க்கப் போனபோது மட்டும் ஐந்தே நிமிடத்தில் தலையை ஆட்டிவிட்டான். அதற்குக் காரணம் பெண்ணின் அழகா, பின்னால் நின்று நான் முறைத்ததா என்று இன்றுவரை தெரியாது.

அவிநாசியில் தேர்முட்டிக்குப் பக்கத்துச் சந்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். பரீட்சை நுழைவுச் சீட்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் முகம் எடுப்பது, காதுகுத்து, கல்யாணம், இவ்வளவுதான் தொழில். ஆளை ஸ்டூலில் உட்காரவைத்து, முகவாயைத் தொட்டுத் திருப்பி, காலரைச் சரிசெய்து, பொறுமையாக எடுப்பான். அவன் எடுத்த படத்தில் யாரும் கண்ணை மூடியிருக்க மாட்டார்கள். அந்த ஒரு பெருமை அவனுக்கு உண்டு, கொடுத்துவிடுவோம்.

நான் அவனுக்கு நேரெதிர். சரவணம்பட்டியில் ஒரு மில்லின் டைம் ஆபீஸில் வேலை. ஐந்து நிமிடம் பிந்தி வந்த ஆளை வாசலிலேயே நிறுத்திக் காரணம் கேட்கிற வேலை. எதற்கும் காத்திருக்கப் பொறுமை இல்லை. கோபம் முதலில் வரும், யோசனை அதற்கு அடுத்த பஸ்ஸில் வரும்.

தம்பிக்கு மூன்றும் பையன்கள். அதனால் என் மகள் லோகப்பிரியா மேல் அவனுக்குத் தனிப் பிரியம். வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவான். அவளும் மாமா சொன்னால் கசப்பு மருந்தைக்கூட மடக்கென்று குடிப்பாள். நான் சொன்னால் வீடு முழுக்க ஓடுவாள்.

தொண்ணூற்றாறில் அவளுக்கு ஏழு வயது. ஆர்.எஸ்.புரத்தில் ராமாமணி டீச்சரிடம் இரண்டு வருடமாகப் பரதநாட்டியம் கற்றுக்கொண்டிருந்தாள். அந்த ஆகஸ்ட் மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் போட்டி. முருகன் மேல் ஒரு பாட்டு, ஐந்து நிமிடம். ஊதாப் பட்டில் உடை தைத்து, நெற்றிச்சுட்டி கட்டி, மேடைக்கு அனுப்பினேன். தம்பி கல்யாணங்களுக்குக் கொண்டுபோகும் பெரிய கேமராவோடு முன்வரிசைக்கும் முன்னால் போய் முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டான். அதன் பக்கத்தில் ஒரு ஃப்ளாஷ் இருக்கும். அடித்தால் மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கண் கூசும்.

முதல் நிமிடம் நன்றாக ஆடினாள். டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அப்போது தம்பி பளீரென்று அடித்தான். லோகப்பிரியா நின்றுவிட்டாள். இரண்டு கையையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி, இமைக்காமல் நின்றாள். கேசட் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஆடு கண்ணு, ஆடு" என்று நான் ஓரத்திலிருந்து கையைக் காலை ஆட்டுகிறேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. இதற்கு நடுவில் அந்தப் புண்ணியவான், நிற்கிற ஆளைக் கண்டால் விரல் சும்மா இருக்காதே, இன்னும் இரண்டு தடவை அடித்தான். மணி அடித்து இறக்கிவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் குழந்தையின் முதுகில் ஒன்று வைத்தேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அவள் அழவில்லை. ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் போட்டியைப் பற்றி அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

வெளிச்சத்தில் குழந்தை மிரண்டுவிட்டாள் என்றார் டீச்சர். கண்பட்டுவிட்டது என்று பக்கத்து வீட்டார் மிளகாய் சுற்றிப் போட்டார்கள். டீச்சர் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. தம்பிக்கு போன் போட்டு, வாயில் வந்ததையெல்லாம் பேசினேன்.

"இனிமே கேமராவத் தூக்கிட்டு எம்புள்ள ஆடற பக்கம் வந்தீன்னா பாரு. அவளைப் பயமுறுத்திக் கெடுத்துப்போட்டடா!"

"தப்புத்தானுங்க்கா" என்றான். மூன்று ஞாயிறு அவன் வரவில்லை. வராதது எனக்கு வலித்தது. அதையும் கோபமாகத்தான் காட்டிக்கொண்டேன்.

நவம்பரில் அடுத்த போட்டி என்று செப்டம்பரிலேயே டீச்சர் பெயர் கொடுக்கச் சொன்னார். லோகப்பிரியா நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டாள்.

"மாமா வாராங்களாம்மா?"

"மாமா வரமாட்டாங்க. நீ பாட்டுக்கு ஆடு."

"மாமா வராட்டி நா ஆடலீங்ம்மா. மாமா வந்து போட்டோ எடுக்கோணும். கூட ஆடற புள்ளைங்க ஊட்டுலயெல்லாம் செவுத்துல மாட்டியிருக்குது."

கொஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். அசையவில்லை. மாமா இல்லாமல் ஆட மாட்டாள், மாமா ஃப்ளாஷ் அடித்தால் நின்றுவிடுவாள். இன்னொரு தடவை மேடையில் அப்படி நின்றால் இந்தக் குழந்தை அப்புறம் சலங்கையையே தொட மாட்டாள் என்று எனக்குப் பயம். வேறு வழியில்லாமல் தம்பிக்கு நானே போன் போட்டேன்.

"வெளிச்சம் போடாம எடுக்கற கேமரா ஏதாச்சும் இருக்குதாடா?"

"இருக்குதுங்க்கா. பார்த்துத்தான் வாங்கோணும்" என்றான். அந்தக் குரலில் உயிர் வந்ததை போனிலேயே கேட்க முடிந்தது. பார்த்து வாங்க வேண்டும் என்றதும் எனக்குத் தேங்காய்தான் நினைவுக்கு வந்தது.

ஆர்.எஸ்.புரத்தில் சென்னகேசவன் என்பவரின் கேமராக் கடை. முதல் தடவை போய் ஒரு மணி நேரம் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். இரண்டாம் தடவை என்னையும் கூட்டிப்போனான். அப்போதும் வாங்கவில்லை. மூன்றாம் தடவை, "பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க்கா. டேப்ரிக்கார்டும் எடுத்துக்கங்க. சலங்கையும்" என்றான்.

"கேமரா வாங்கறதுக்கு எதுக்குடா சலங்கை?"

"எந்தக் கேமராவுக்கு அவ நிக்காம ஆடறாளோ, அதுதானுங்க்கா நம்ம கேமரா."

பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் சென்னகேசவன் அசந்து போகவில்லை. "ஏனுங்க, நல்ல யோசனைதானுங்க" என்று சொல்லி, கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி, இரண்டு ட்யூப்லைட்டையும் அணைத்துவிட்டார். மண்டபத்து இருட்டு வேண்டுமல்லவா. கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவே ஒரு பாய் அகலத்துக்குத்தான் இடம். அதில் என் மகள் ஆட, டேப்ரிக்கார்டு பாட, பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்க்கத் தெருவில் ஒரு கூட்டம்.

முதலில் தம்பி கையில் எடுத்தது ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் கேமரா. தானே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்றார் சென்னகேசவன். அது தானே இருட்டையும் பார்த்துக்கொண்டு, யாரும் கேட்காமல் ஃப்ளாஷை அடித்துவிட்டது. லோகப்பிரியா டக்கென்று நின்றாள். அதே கை, அதே கழுத்து. என்ன கண்ணு ஆச்சு என்று கேட்கப் போனேன். தம்பி என் முழங்கையைப் பிடித்தான்.

"கேக்காதீங்க்கா. கேட்டா பயம் இன்னும் சாஸ்தியாயிரும்."

அது நியாயமாகத்தான் தோன்றியது. கேட்காமல் விட்டேன்.

அடுத்தது ஃபிலிமை மோட்டார் வைத்துத் தானே நகர்த்துவது. ஃப்ளாஷை அணைத்து வைத்தாலும், ஒவ்வொரு படத்துக்கும் கிர்ரென்று மிக்ஸி ஓடும் சத்தம். குழந்தை நிற்கவில்லை, ஆனால் சிரித்துவிட்டாள். நடுவர்கள் சிரிக்க மாட்டார்கள். அதுவும் வேண்டாம் என்றான்.

கடைசியில் சென்னகேசவன் உள்ளே போய், யாரோ விற்றுவிட்டுப் போன ஒரு பழைய கேமராவைக் கொண்டுவந்தார். எல்லாம் கையால் திருப்ப வேண்டும். முன்னால் இருந்த லென்ஸ் மட்டும் வாய் அகன்று பெரிதாக இருந்தது. "கண்ணு பெருசுங்க இதுக்கு. கொஞ்ச வெளிச்சம் இருந்தாப் போதும், ஃபிலிமை மட்டும் கம்மி வெளிச்சத்துக்குன்னு வர்ற நானூறு நம்பராப் போட்டுக்கங்க. தள்ளி உக்காந்தும் எடுக்கலாமுங்க" என்றார். தம்பி கடை மூலையில் சுவரோடு சாய்ந்து நின்று எடுக்க ஆரம்பித்தான். சத்தம் அவன் காதுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். லோகப்பிரியா பாட்டு முடியும்வரை ஆடினாள். இன்னொரு தடவை போடச் சொன்னான். மறுபடியும் முழுதாக ஆடினாள். ஷட்டருக்கு வெளியே கைதட்டினார்கள். தேங்காய் ஆட்டுகிறவன் ஒரே நிமிடத்தில், "இதுதானுங்க" என்று சொன்னதை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கேமரா கிடைத்ததோடு அவன் விடவில்லை. ஃப்ளாஷ் இல்லாவிட்டால், ஆடுகிற கை புகைபோலத்தான் விழுமாம். ஒரு அடவு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் குழந்தை ஒரு கண நேரம் நிற்கிறாளே, அதைப் பிடிக்க வேண்டுமாம். அதற்காக ஆறு சனிக்கிழமை ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு டீச்சர் வீட்டு மூலையில் உட்கார்ந்து, தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். வகுப்பில் இருந்த பெண்பிள்ளைகள் அவனைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் கவலைப்படவில்லை. அவிநாசி பஸ்ஸிலும் தட்டிக்கொண்டு போனதாகக் கேள்வி.

நவம்பர் போட்டி அன்று அவன் மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான். நான் மேடைக்குப் பக்கத்தில் நின்றேன். மில்லில் வேலைநிறுத்தக் கூட்டத்தையே கதவைத் திறந்துகொண்டு எதிரில் பார்த்தவள் நான், ஏழு வயசுக் குழந்தை ஆட்டத்துக்கு நடுங்கிக்கொண்டு நின்றேன். லோகப்பிரியா வந்தாள், கும்பிட்டாள், தொடங்கினாள். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம். தம்பி கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கவே இல்லை.

மூன்றாவது நிமிடத்தில், முன்வரிசையிலிருந்து யாரோ ஒரு தகப்பனார் எழுந்து, அவளுக்கு நேர் எதிரில் நின்று ஃப்ளாஷ் அடித்தார். எதற்காக அடித்தார் என்று தெரியாது, அவர் பிள்ளை அடுத்து ஆட வேண்டியவள், கேமராவைச் சரிபார்த்தாரோ என்னவோ. மேடையே வெள்ளையாகிப் போனது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

சலங்கைச் சத்தம் நிற்கவில்லை.

கண்ணைத் திறந்தேன். ஆடிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் இன்னொன்றும் அடித்தார். அதற்கும் ஆடினாள். பாட்டு முடிந்து, கடைசி நிலையில் கையை உயர்த்தி நின்று, கும்பிட்டுவிட்டுப் படியிறங்கி வந்தாள். பரிசு யாருக்கு என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. அன்றைக்கு எடுத்த முப்பத்தாறு படத்தில் பதினொன்று நன்றாக வந்தது என்பதெல்லாம் பிறகு நடந்த கதை.

மண்டபத்துக்குப் பின்னால் நடையில் உட்காரவைத்து அவள் சலங்கையை அவிழ்த்தேன். தம்பி ஓடி வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அந்த வெளிச்சத்துக்கு நீ பயப்படவே இல்லையே கண்ணு!" என்றேன்.

"எதுக்குங்ம்மா பயப்படோணும்? அது யாரோ அடிச்சது."

"அப்ப போன தடவை?"

"அது மாமா அடிச்சதுங்ம்மா." இதுகூடத் தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தாள். "மாமா போட்டோ எடுக்கறப்ப அசையக்கூடாதில்ல? இன்னைக்கு மாமா போட்டோவே எடுக்கலை. கேமராவுல என்னையப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அதனாலதான் ஆடுனேன்."

மிளகாய் சுற்றியதும், ஷட்டரை இறக்கியதும், ஆறு சனிக்கிழமையும் என் மனதில் ஓடின. குழந்தை பயப்படவே இல்லை. ஒரு நிமிடம்கூட பயப்படவில்லை. மூன்று மாதமாகப் பயந்து செத்தது நாங்கள்தான். அம்மாடி என்று இருந்தது. சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. சலங்கையின் பட்டையைத் தடவிக்கொண்டே, மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்கு நா கொஞ்சங்கூட அசையலீங்ம்மா. செரியாத்தான நின்னேன். பொறவு எதுக்குங்ம்மா என்னைய அடிச்சீங்க?"

என் சிரிப்பு அப்படியே நின்றது. அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டேன். "தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணு. நீ செரியாத்தான் நின்னே. அம்மாதான் தெரியாம அடிச்சுப்போட்டேன்" என்றேன். அவள் நெற்றிச்சுட்டி என் கன்னத்தில் குத்தியது. எடுக்கத் தோன்றவில்லை.

தம்பி எங்கள் எதிரில் தரையில் உட்கார்ந்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இத பாரு சாமி. மேடையில ஆடறப்ப மாமா வெளிச்சம் போட்டாலும் சரி, யாரு போட்டாலும் சரி, நிக்கவே கூடாது. ஆடிக்கிட்டே இருக்கோணும். என்ன?"

"செரிங்க மாமா" என்றாள். அவ்வளவுதான்.