நூற்றுப் பதினாறாம் பக்கத்துச் சிவப்பு ரிபன்

ஒரு புத்தகத்தைப் பற்றி முப்பத்தொரு வாசகர்கள் கருத்து எழுதியிருந்தார்கள். அந்த முப்பத்தொரு பேரும் நான்தான். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. கருத்து எழுதும் கொப்பியில் இன்னும் இடமிருந்தது, எழுதியிருக்கலாமே என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் போயிருந்தன. மன்னாருக்குத் திரும்புவதா, புத்தளத்திலேயே இருந்துவிடுவதா என்று எங்கள் சனம் வீட்டுக்கு வீடு கதைத்துக்கொண்டிருந்த காலம். நான் கற்பிட்டிக்குப் போகும் ரோட்டோரம் ஒரு சின்ன நூலகத்தில் உதவியாளராக இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு அவர் வந்தார். மூன்று புத்தகங்களையும் தடித்த ஒரு கொப்பியையும் என் மேசையில் வைத்தார். புத்தகம் அவருடைய வாழ்க்கை வரலாறு. எழுதியவர் அவருடைய மச்சான், ஓய்வுபெற்ற அதிபர். கொப்பியின் அட்டையில் ‘வாசகர் கருத்துகள்’ என்று சிவப்பு மையால் எழுதியிருந்தது.

“தம்பி, இதை ஆக்கள் கண்ணுல படுற இடத்துல வைங்க. வாசிக்கிற ஆக்கள் என்ன சொல்றாங்கண்டு நான் கிழமைக்கு ஒருக்கா வந்து பாப்பன்” என்றார்.

அவரை இந்தக் கரையில் தெரியாதவர்கள் இல்லை. மரதன் ஓட்டம் என்றால் அவர். ஏழு வருடம் தொடர்ந்து முதலாமிடம், பிறகு கொழும்பில் ஒரு திணைக்களத்து அணியில் வேலை, அலுமாரி நிறையக் கிண்ணங்கள். ஓடத் தெரியாதவர் என்று நானும் சொல்லமாட்டேன். அவர் பொய்யாக வென்றது ஒரே ஒரு ஓட்டம். அது நான் ஓடிய ஓட்டம்.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. முன்னால் ஓடுகிறவனுக்குப் பின்னால் வருகிறவனின் முகம் எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது அவர்.

தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து, எத்தாளைக்குக் கிட்ட கிடுகுக் கொட்டில்களில் இருந்தோம். முகாம் இருந்த காணி அவருடைய வாப்பாவுடையது. எனக்குப் பதினேழு வயதானபோது மீலாத் விழாப் போட்டியில் நானும் பெயர் கொடுத்தேன். பள்ளிக்கூடத்து மைதானத்தில் தொடங்கி, தலவிலைக்குப் பிரியும் சந்தி வரை போய்த் திரும்ப வேண்டும். சந்தியில் நிற்பவர் கையில் ஒரு சிவப்பு ரிபன் கட்டிவிடுவார், அதுதான் அதுவரை ஓடியதற்கு அத்தாட்சி என்று முதல் நாளே ஒலிபெருக்கியில் சொன்னார்கள். முதலாவது வருகிறவரைக் கொழும்புக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுக்க ஒரு பயிற்றுநர் வந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

பாதி வழியில் அவருக்குக் கால் பிடித்துக்கொண்டது. வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே தண்ணீர் இறைக்க இருந்த ஒரு மோட்டர் கொட்டில் பக்கம் ஒதுங்கினார். நான் தாண்டிப் போனேன். சந்தியில் நின்றவர் என் மணிக்கட்டில் ரிபனைக் கட்டி, “நீதான் முதலாள், ஓடு” என்றார். ரிபன் மஞ்சள். கடையில் சிவப்பு இல்லை என்று அன்று காலையில் மஞ்சள் வாங்கி வந்திருக்கிறார்கள். மைதானத்தில் நின்ற எங்களுக்கு அது தெரியாது.

திரும்பி வரும்போது எனக்கு முன்னால் அவர் ஓடிக்கொண்டிருந்தார். வேர்வை காய்ந்த சேர்ட்டோடு, ஆறுதலாக. கையில் சிவப்பு ரிபன் கட்டியிருந்தது.

பின்னால் வந்த அத்தனை பேர் கையிலும் மஞ்சள். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். பிரதான மத்தியஸ்தர் அவருடைய சாச்சா, வாப்பாவின் தம்பி. அவர் சற்று யோசித்துவிட்டு ஒலிபெருக்கியில் அறிவித்தார்: சிவப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்ததாம், அது முதலாவது வந்தவருக்காம், மற்றவர்களுக்கு மஞ்சளாம். சந்தியில் ரிபன் கட்டியவர் அவர்களுடைய தோட்டத்தில் வேலை செய்கிறவர். சைக்கிளைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். வாப்பா வந்து என் கையிலிருந்த ரிபனை அவிழ்த்தார்.

“வாயப் பொத்து மகன். அவங்கட காணியிலதான் கிடக்கம்.”

அதற்குப் பிறகு நான் ஓடவில்லை. உப்பளத்தில் வேலைக்குப் போனேன். உப்புப் பட்டுப் பாதம் வெடித்த ஒவ்வொரு நாளும் அவரை நினைத்தேன், நல்லபடியாக அல்ல.

அவர் புத்தகத்தை வைத்துவிட்டுப் போன அன்றே முழுவதையும் வாசித்தேன். நூற்றுப் பதினாறாம் பக்கத்தில் அந்த ரிபனின் படம் இருந்தது, கண்ணாடிச் சட்டத்துக்குள். கீழே இப்படி: ‘முதலாமவருக்கென்றே வைத்திருந்த ஒரே சிவப்பு ரிபன். அன்று தோற்ற அகதிப் பொடியன் ஒருவன் பொறாமை தாளாமல் அழுதான்.’

அழுதேன்தான். பொறாமையில் இல்லை.

அன்றிலிருந்து எழுதத் தொடங்கினேன். சரிந்த எழுத்து, உருண்டை எழுத்து, இடது கை எழுத்து என்று ஆளுக்கொரு கையெழுத்து. ‘ஓர் ஆசிரியை: புத்தகத்தில் ஓட்டத்தைவிட மாலைகள் அதிகம்.’ ‘ஒரு குடும்பத் தலைவி: என் கணவருக்குத் தூக்கம் வராத வியாதி. நாலு பக்கம் வாசித்துக் காட்டினேன், குணம்.’ ‘உச்சமுனை மீனவன்: இவர் ஓடிய தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் இலங்கை போதாது, கடலிலும் ஓடியிருக்க வேண்டும்.’ இதை எழுதிவிட்டு நானே சிரித்தேன். நூலகத்தில் சிரிக்கக் கூடாது என்ற அறிவித்தலை ஒட்டியவனும் நான்தான்.

அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். மூக்குக் கண்ணாடியைப் போட்டு, விரலால் வரி பிடித்து வாசிப்பார். முகம் சுருங்குவதை நான் புத்தக ராக்கைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். அந்தக் கிழமைக்கு எனக்கு அது போதும். ஆனால் மனுசன் விடவில்லை. ஒவ்வொரு கருத்துக்கும் கீழே பதில் எழுதத் தொடங்கினார். ‘அன்பின் வாசகரே, தங்கள் கணவர் நலமடைந்தது மகிழ்ச்சி.’ ‘அன்பின் வாசகரே, அடுத்த பதிப்பில் மாலைகள் குறைக்கப்படும்.’ குத்துகிற இடமெல்லாம் பஞ்சாக இருந்தால் என்ன செய்வது.

ஒரு வெள்ளிக்கிழமை வெயிலில் கறுத்து வந்தார். அந்த உச்சமுனை மீனவரைத் தேடி வள்ளம் ஏறிப் போயிருக்கிறார், கையெழுத்திட்ட பிரதி ஒன்று கொடுக்க. அங்கே யாருக்கும் புத்தகத்தையே தெரியாதாம். “நல்ல பகிடிக்காரர் தம்பி. ஒருக்கா சந்திக்கணும்” என்றார். அவருடைய வலது முழங்கால் வீங்கியிருந்தது. நொண்டி நொண்டித்தான் படி இறங்கினார். பாவம் என்று தோன்ற வேண்டிய இடம் அது. எனக்குத் தோன்றவில்லை. இந்தக் காலோடு வள்ளம் ஏறிப் போகிற மனுசன் அன்றைக்குச் சந்தி வரை ஓடியிருக்கலாமே என்றுதான் நினைத்தேன்.

முப்பத்தொன்றாவது கருத்தை என் சொந்தக் கையெழுத்தில் எழுதினேன். ‘பக்கம் 116. அன்று சந்தியில் கட்டிய ரிபன் எல்லோருக்கும் மஞ்சள். முதலாவது மஞ்சள் என் கையில் கட்டப்பட்டது. சிவப்பு எங்கிருந்து வந்தது?’

அடுத்த வெள்ளி அவர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். விரல் நகரவில்லை. பிறகு நூலகம் முழுவதையும் ஒரு தடவை பார்த்து, கடைசியில் என்னைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் என் முகத்தைப் பார்த்தது அன்றுதான்.

“நீங்களா?”

“ஓம்.”

கொப்பியைப் பின்பக்கமாகப் புரட்டினார். “மத்த ஆக்கள்?”

“அதுவும் நான்தான், நானா.” மூத்த ஆண்களை எங்கள் ஆக்கள் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“டீச்சர்?”

“நான்.”

“உச்சமுனை ஆள்?”

“நான்தான்.”

ரிபனைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சண்டைக்கு வருவார், மறுப்பார். அதற்கெல்லாம் பதில் பல வருடமாக என்னிடம் தயாராக இருந்தது. அவர் கேட்டது வேறு.

“அப்ப வேற ஒருத்தரும் வாசிக்கல்லயா?”

நான் மூன்று பிரதிகளையும் எடுத்து வந்து, ஒவ்வொன்றிலும் திகதி முத்திரை குத்தும் தாளைத் திறந்து காட்டினேன். மூன்றும் வெள்ளை.

“முதலாவது நான்தான், நானா. ரெண்டாவது ஆள் இன்னும் வந்து சேரல்ல.”

இத்தனை வருடத்தில் நான் பேசிய பேச்சுகளில் எனக்குப் பிடித்தது அதுதான். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் திரும்பவும் போட்டார். பேனையை எடுத்தார்.

“வாசிக்கிறது நீங்க மட்டும்தானே” என்று சொல்லிக்கொண்டு எழுதினார். ‘அன்பின் வாசகரே, சிவப்பு ரிபன் உம்மாவின் தையல் பெட்டியில் எடுத்தது. முதல் நாளே எடுத்துக் காற்சட்டைப் பையில் வைத்திருந்தேன். நான் சந்திக்குப் போகவில்லை.’ கீழே கையெழுத்தும் போட்டார், கிண்ணம் வாங்கும்போது போடுகிற அதே நீட்டுக் கையெழுத்து.

ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். பிறகு வரவில்லை.

நான் மட்டும் வாசிப்பேன் என்று அவர் நம்பியது அவருடைய பிழை. அந்தக் கொப்பியை அந்தப் பக்கத்தில் விரித்து, வாசலுக்கு நேரே இருந்த மேசையில் கட்டி வைத்தேன். ஒரு மாதத்துக்குள் மூன்று பிரதிகளும் வெளியே போய்விட்டன. பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். முத்திரை குத்த இடமில்லாமல் திகதித் தாளைப் புதிதாக ஒட்டினேன். முகாம் காலத்து ஆட்கள் சிலர் நின்றுகொண்டே வாசித்துவிட்டு, என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். வாப்பாவுக்குத்தான் காட்டக் கிடைக்கவில்லை. அவர் அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார்.

இப்போது கொப்பியில் உண்மையான வாசகர்கள் எழுதுகிறார்கள். ஒரு நாள் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று நல்ல கையெழுத்தில் கேட்டிருந்தது: ‘அன்று இரண்டாவதாக வந்தவரைப் பற்றிப் புத்தகம் ஒன்றும் இல்லையா?’

அதுவரை நான் யாருக்கும் பதில் எழுதியதில்லை. அன்று பேனையை எடுத்தேன்.

‘அன்பின் வாசகரே, அவர் இரண்டாவதாக வரவில்லை.’