அருகருகே இரண்டு வேதாகமம்

முதுகலை ஆய்வுக்கு நான் எடுத்த தலைப்பைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் மாத்தளையில் குறைவு. மறுமலர்ச்சிக் கால மானிடவாதமும் வெல்ஷ் மொழியும். "வேல்ஸுக்கு விசா எடுத்தாச்சா?" என்று என் கணவர் ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார். பாடசாலை ஆசிரியர் அறையில் எனக்கு வேல்ஸ்காரி என்று பெயரே வைத்துவிட்டார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, தமிழில் வரலாறு படித்து, இருபது வருடமாகத் தமிழில் வரலாறு கற்பிக்கிறவள் நான். எனக்கு அந்தக் கதை தேவைப்பட்டது.

கதை இதுதான். பதினாறாம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் ஆட்சிக்குள் இருந்த வேல்ஸின் நீதிமன்றமும் நிர்வாகமும் ஆங்கிலத்துக்குப் போய்விட்டன. வெல்ஷ் வீட்டுக்குள்ளும் வயலிலும் கிடந்தது. கிரேக்கமும் இலத்தீனும் கற்று, பழைய நூல்களைத் தேடித் தேடிப் படித்த, மானிடவாதிகள் எனப்பட்ட சில வெல்ஷ் அறிஞர்கள் இதைப் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. உலகத்து அறிவெல்லாம் எங்கள் மொழியிலும் நிற்கும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். அகராதி செய்தார்கள், இலக்கணம் எழுதினார்கள், வேதாகமத்தை மொழிபெயர்த்தார்கள். அந்த மொழி இன்றும் பேசப்படுகிறது.

இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார் என் பேராசிரியர். எனக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. ஆனால் இப்படி ஒரு கதையை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு எந்த முகத்தோடு வகுப்புக்குப் போவது? தமிழில்தான் எழுதுவேன் என்றேன். அவர் நல்ல மனிதர், கோபப்படவில்லை.

"தமிழில் கதை சொல்லலாம் டீச்சர். இந்த மாதிரி விஷயத்தை வைத்து வாதாட முடியாது. சரி, ஒரு அத்தியாயம் எழுதிக் காட்டுங்கள். சரிவராவிட்டால் ஆங்கிலம்தான்" என்றார்.

மூன்று மாதம் எழுதினேன். தமிழுக்குக் கனம் உண்டு என்று காட்ட வேண்டுமே, அகராதியில் உறங்கிக் கிடந்த சொற்களையெல்லாம் எழுப்பிக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். அரைப் பக்கத்துக்கு ஒரு வாக்கியம். அதில் ஓரிடத்தில், புதிய ஏற்பாட்டை வெல்ஷுக்குக் கொண்டுவந்த ஓர் அறிஞரைக் குத்திக் காட்டியிருந்தேன். தன் மொழி இலத்தீனுக்கு இளைத்ததல்ல என்று காட்டும் ஆசையில் அவர் சொற்களுக்கு இலத்தீன் சாயல் பூசிவிட்டார். தேவாலயத்தில் அதை வாசிக்க எழுந்தவர்கள் தடுமாறினார்கள். மொழியின் கௌரவத்தைப் பார்த்தவர் மக்களின் காதைப் பார்க்கவில்லை என்று ஏளனமாகவே எழுதினேன்.

பேராசிரியருக்கு அனுப்புமுன் எங்கள் தோட்டத்துச் சின்னக் கத்தோலிக்கக் கோயிலில் வாசித்துக் காட்டினேன். மாதத்தில் ஒரு ஞாயிறு பூசை முடிந்தபின் பெண்கள் கொஞ்ச நேரம் இருப்பார்கள். கொழுந்து பறிக்கிறவர்கள்தான் பெரும்பாலும். ஒரு மணி நேரம் வாசித்தேன். யாரும் அசையவில்லை. முடிந்ததும் சாயத்தண்ணி என்கிற பாலில்லாத தேநீரும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்தார்கள். "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க டீச்சர்", "அருமையான தமிழுங்க" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பஸ் ஏற மலையிறங்கி வரும்போது என்னோடு ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் கூடவே வந்தாள். அதோடு படிப்பை விட்டுக் கொழுந்துக்குப் போனவள். நாலு பேர் முன்னால் என்னை டீச்சர் என்பாள், தனியாக இருந்தால் பழையபடி நீ, வா, போ.

"ஏன்டி, அந்த ஆளுங்களுக்குக் கடைசில வேதம் கெடச்சிச்சா இல்லியா?" என்று கேட்டாள்.

"அதைத்தானேடி ஒரு மணி நேரமா படிச்சேன்!"

"படிச்சே. எனக்கு ஒன்னும் வெளங்கல. அங்க ஒருத்திக்கும் வெளங்கல."

"அப்புறம் எதுக்கு நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்க?"

"வேற என்னத்த சொல்றது? எங்களுக்காக மலையேறி வந்திருக்கே. பூசை வைக்க வர்ற சாமி பிரசங்கத்துக்கும் அப்படித்தான் சொல்றோம்."

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கோயிலில் வளர்ந்தவள் நான். வருகிறவரைக் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று, விளங்காத எத்தனையோ பிரசங்கங்களுக்கு நானும் அதே வார்த்தையைச் சொல்லித் தலையாட்டியிருக்கிறேன். கொஞ்சம் படித்ததும் அதைப் பாராட்டு என்று நம்பிவிட்டேன். மாத்தளை வரும்வரை அந்த வெல்ஷ் அறிஞரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். என் மீது வந்த ஆத்திரம் வீட்டுக்கு வந்தும் தீரவில்லை.

மறுநாளே முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு பத்தியையும் அவளிடம் சொல்வதாக வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபின்தான் எழுதினேன். கருத்தைக் குறைக்கவில்லை. மானிடவாதம் மானிடவாதமாகவே இருந்தது. அது என்ன என்று அடுத்த வரியிலேயே சொன்னேன். வாக்கியங்களை வெட்டினேன். "இது ஆய்வு மாதிரியே இல்லையே" என்றார் கணவர். இருக்கட்டும் என்றேன். மாத முடிவில் பேராசிரியருக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு முந்திய ஞாயிறு மறுபடி மலையேறினேன்.

இந்தத் தடவை பாதியில் ஒருத்தி இருமினாள், ஒருத்தி சிரித்தாள். வேதாகமத்தை வெல்ஷில் மொழிபெயர்க்கச் சொன்ன சட்டத்துக்கு வந்தேன். இங்கிலாந்து ராணியின் காலத்துச் சட்டம் அது. வெல்ஷ் வேதாகமத்தையும் ஆங்கில வேதாகமத்தையும் கோயிலில் அருகருகே வைக்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து மக்கள் சீக்கிரம் ஆங்கிலம் கற்றுக்கொள்வார்கள் என்று அதில் இருந்தது. இது மிகவும் தந்திரமான ஏற்பாடு என்று வாசித்தேன்.

"நீங்க சொல்றது தப்புங்க டீச்சர்."

என் பள்ளித் தோழிதான். கோயிலே அவளைத் திரும்பிப் பார்த்தது.

"டிஸ்பென்சரி சுவருல சிங்களத்துலயும் தமிழ்லயும் பக்கத்துல பக்கத்துல எழுதி ஒட்டியிருக்கு. எத்தனை வருசமா பாக்குறேன், தமிழை மட்டுந்தான் படிக்கிறேன். அது இருக்கையில மத்ததை எவ படிப்பா? எனக்குச் சிங்களம் வந்தது இரத்தோட்டை கடையில, கருவாடு வாங்கப் பேசிப் பேசி. தமிழ் இல்லாத எடத்துலதான் சிங்களம் படிச்சேன். அந்த ராணி வெல்ஷ் புத்தகத்தைக் குடுக்காம இருந்திருந்தாத்தான் தந்திரம். குடுத்து ஏமாந்துட்டாங்க."

"அதெப்படி?" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "என் மக ரெண்டையும் பாத்துப் பாத்துத்தான் சிங்கள எழுத்து படிச்சா. எல்லாரும் உன்ன மாதிரியா?"

"உன் மக இப்ப வீட்டுல என்ன பேசுறா, சொல்லு பாப்பம்."

அவ்வளவுதான். கோயில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. சாயத்தண்ணி ஆறிப் போனது. நானும் இடையில் புகுந்து என் கட்சியைச் சொன்னேன். ஒருத்தியும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆறு மாதமாக நான் படித்த சட்டம், எத்தனையோ தடவை வாசித்த வரி. இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. வெட்கமாகவும் இருந்தது, அதைவிடப் பெரிய சந்தோஷமாகவும் இருந்தது.

தந்திரம் என்ற வரியை எல்லோர் முன்னாலும் பேனாவால் அடித்தேன். அவள் சொன்னதை இன்னொரு முறை சொல்லச் சொல்லி, ஓரத்தில் எழுதிக்கொண்டேன். பின்வரிசை வாங்கில் இருந்தவள் விடவில்லை, தான் சொன்னதையும் எழுதச் சொன்னாள். எழுதினேன்.

அன்று மாலையே அத்தியாயத்தைத் திருத்திப் பேராசிரியருக்கு அனுப்பினேன். கூடவே இரண்டு வரி எழுதினேன். சேர், இந்த வாதத்தில் எங்கே பிழை இருந்தாலும் சொல்லுங்கள், திருத்துகிறேன். ஆங்கிலத்தில் மட்டும் கேட்காதீர்கள், இதில் வாதாடியவர்கள் வாசித்துப் பார்க்க வேண்டும்.