படகுக்குப் போன தட்டு

மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நின்று எவ்வளவு காதைத் தீட்டிக்கொண்டாலும் கடல் சத்தம் கேட்காது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தெங்கேரா வரைக்கும் நடக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு படகைக் கொண்டுவந்து இறக்கிய பெருமை என் தாய்மாமாவையே சேரும்.

மாமா ரப்பர் லாரியில் கெலிண்டானாக, அதாவது டிரைவருக்கு எடுபிடியாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். கலியாணம் ஆகாதவர். எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பழைய இரும்புக் கடைச் சீனரிடம் பேசிப் பேசியே அந்த மனிதரைக் களைப்படைய வைத்து, பட்டாளம் கழித்துப்போட்ட அலுமினியப் படகு ஒன்றைக் கிட்டத்தட்ட இனாமாகவே வாங்கி வந்துவிட்டார். சுதந்திர நாளான மெர்டேக்கா வருவதற்குள் அதைக் கடலில் இறக்கிவிட வேண்டும், பிறகு மீன் வாங்கும் செலவே கிடையாது என்பது அவர் திட்டம். சுதந்திரம் கிடைத்த பிறகு கடலில் இருக்கிற மீனெல்லாம் நம்முடையதுதானே என்று என் அம்மாவிடம் வாதம் செய்தார். அம்மா படகின் அடியையே பார்த்தாள். படகு இறங்கிய இடத்தில் அவள் நட்டிருந்த கத்தரிச் செடிகள் இருந்தன.

படகு பார்க்கவே பாவமாக இருந்தது. உடம்பெல்லாம் நெளிந்து, நிறம் செத்து, அடிப்பாகத்தில் என் இரண்டு கையும் சேர்ந்து நுழைகிற அளவுக்கு ஒரு கிழிசல். அதற்குப் பக்கத்தில் வரிசையாகச் சில உருண்டை ஓட்டைகள். ஆணி கழன்ற ஓட்டை என்றார் மாமா. அப்பா அவற்றில் ஒன்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மாமா முதலில் படகை நிமிர்த்தி வைத்துக் கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றினார். எங்கெல்லாம் தண்ணீர் வெளியே வருகிறதோ அங்கெல்லாம் நான் சாக்கட்டியால் வட்டம் போட வேண்டும். வட்டம் போட்டு முடித்தபோது படகுக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. அப்புறம் அதை இரண்டு தென்னங்கட்டைகளின் மேல் கவிழ்த்துப் போட்டு வைத்தியத்தை ஆரம்பித்தார். கூரைத் தகரம் வைத்து இரும்பு ஆணி அடித்தார். பழைய இரும்புக் கடைச் சீனர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். உப்புத் தண்ணீரில் இரும்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகுமாம். ஈயம் வைத்துப் பற்றவைத்தாலும் ஒட்டாதாம். அலுமினியத்துக்கு அலுமினியம்தான் வேண்டும். அடித்த ஆணியையெல்லாம் மாமா திரும்பப் பிடுங்கினார். மறுநாளே அம்மா தன் சமையல் பாத்திரங்களை எண்ணி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பூட்டாமல் வெளியே இருந்தது ஒரே ஒரு அலுமினியத் தட்டு. அதன்மேல் கை வைக்கும் துணிச்சல் மாமாவுக்குக் கூட இல்லை. அது பெரியப்பாவின் தட்டு.

பெரியப்பாவை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே, ஜப்பான்காரன் காலத்தில், சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் வாசலில் லாரி வந்து நின்றதாம். 'எடுத்து வை, வந்துடுறேன்' என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு போனவர்தான். பெரியம்மா எடுத்து வைத்தாள். அன்றிலிருந்து தினமும் இரவு அந்தத் தட்டில் ஒரு பிடி சோறு போட்டு மூடி வைப்பாள். காலையில் அதில் தண்ணீர் ஊற்றித் தானே சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பாள். கூடத்தில் பெரியப்பாவின் படம் மாலை இல்லாமல் தொங்கியது. பெரியம்மாவின் நெற்றியில் இருபது காசு அளவுக்குக் குங்குமம் இருந்தது. தாலித் தங்கம் ஜப்பான்காரன் காலத்திலேயே மரவள்ளிக்கிழங்குக்குப் போய்விட்டது. மஞ்சள் கயிறு மட்டும் கழுத்தில் கிடந்தது.

போய்ப் பன்னிரண்டு வருஷம் திரும்பாதவருக்கு, உடம்பு கிடைக்காவிட்டாலும் கருமாதி செய்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கெடு தாண்டிய பிறகு ஒவ்வொரு ஆடி மாதமும் அப்பா பெரியம்மாவிடம் போய் நிற்பார். அவள் சம்மதிக்காமல் அவரால் எதுவும் செய்ய முடியாது. சம்மதித்தால் அந்தக் குங்குமம் போய்விடும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர.

"அண்ணி, இந்த ஆடி அமாவாசைக்காவது செஞ்சிடுவோமே. அண்ணன் எங்க பசியோட அலையறாரோ என்னமோ" என்றார் அப்பா அந்த வருஷமும்.

"அவரு தட்டுல சோறு இருக்கு தம்பி. வந்தா சாப்பிடுவாரு" என்றாள் பெரியம்மா.

சோற்றை வைத்துக்கொண்டு அழைத்தால் வராமலா போவார் என்று எனக்கும் தோன்றியது. நான் பெரியம்மா கட்சி.

படகு தட்ட ஆரம்பித்தது அந்த நாட்களில்தான். வெயில் சாய்ந்ததும் கவிழ்ந்து கிடக்கும் படகுக்குள்ளிருந்து டொக்கென்று ஒரு சத்தம் வரும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. கோழிகள் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டன. பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அம்மாளுக்குப் பல தலைமுறையாக மலாய்தான் வீட்டுப் பேச்சு, தமிழ் வராது. அவர் வேலியோரம் நின்று கேட்டுவிட்டு, "அடா தாமு" என்று மலாயில் மெதுவாகச் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கியே நடந்து போனார். விருந்தாளி இருக்கிறார் என்று அர்த்தம்.

"சூடு ஆறுற சத்தம் லா" என்றார் மாமா. "அலுமினியம் வெயில்ல நீளும், பொழுது சாஞ்சா சுருங்கும். லாரி பானட்டே கத்தும், இது கத்தாதா?"

மாமா சொன்னதில் தப்பில்லை. பின்னாளில் நானும் அதைப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். ஆனால் நான் கேட்டது அந்தச் சத்தம் மட்டுமில்லை.

மாமா எங்கிருந்தோ தடித்த அலுமினியக் கம்பி கொண்டுவந்து துண்டு துண்டாக வெட்டி ஆணி செய்திருந்தார். ஓட்டைகளை அடைக்க அவர் வெளியேயிருந்து சுத்தியலால் அடிக்கும்போது, உள்ளே ஒருவர் ஆணித் தலைக்கு இரும்புக் கட்டியை அண்டக் கொடுக்க வேண்டும். கவிழ்ந்த படகுக்கு அடியில் நுழைகிற உடம்பு வீட்டில் எனக்குத்தான் இருந்தது. உள்ளே இருட்டு, புழுக்கம், டாமார் பிசின் வாடை. அடைக்காத ஓட்டைகள் வழியாக வெளிச்சம் குச்சி குச்சியாக என் பாவாடை மேல் விழும். படகின் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதில் மாமாவின் கால்கள் மட்டும் தெரியும். அவை எங்கே நிற்கின்றன என்று பார்த்துக்கொண்டு அடுத்த ஆணிக்குப் போவேன்.

ஒருநாள் சாயங்காலம் கால்கள் நகர்ந்தன. "இரு பாப்பா, ஒரு காப்பி குடிச்சிட்டு வந்துடுறேன்" என்று குரல் போய்விட்டது. நான் மல்லாந்து படுத்து வெளிச்சக் குச்சிகளைக் கையில் பிடித்து விளையாடினேன். அப்போது கிழிசலுக்குப் பக்கத்தில் தட்டும் சத்தம் கேட்டது. டொக், டொக். அப்புறம் மெல்லிசாக, டிங். மாமா திரும்பிவிட்டார் என்று இரும்பைத் தூக்கிப் பிடித்தேன். சுத்தியல் விழவில்லை. மறுபடியும் அதே மாதிரி இரண்டு விரல் தட்டு, ஒரு டிங். அவசரமே இல்லாத தட்டு.

"என்னா மாமா?" என்றேன். கிழிசல் வழியாக விழுந்துகொண்டிருந்த வெளிச்சம் நின்றது. யாரோ குனிந்து பார்ப்பது போல அது முழுக்க மூடிக்கொண்டது. நான் தலையைத் திருப்பித் தரையோரம் பார்த்தேன். சுற்றிலும் பார்த்தேன். கால்களே இல்லை. புல் தெரிந்தது, கத்தரிச் செடியின் அடித்தண்டு தெரிந்தது, தூரத்தில் கிணற்று மேடை தெரிந்தது. மேலே வெளிச்சம் அடைபட்டே இருந்தது. பிறகு அது விலகியது. வெளிச்சம் பழையபடி என் வயிற்றின் மேல் வந்து விழுந்தது.

முழங்கை சிராய வெளியே ஊர்ந்து, நேரே அடுப்படிக்கு ஓடினேன். பெரியம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். யாரோ படகைத் தட்டினார்கள் என்றேன். எப்படி என்று கேட்டாள், சும்மா ஒரு பேச்சுக்கு. தகர வாளியில் தட்டிக் காட்டினேன். டிங் என்ற சத்தம் எனக்கு வரவில்லை. பெரியம்மாவின் கை அரிசிக்குள்ளேயே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த கரண்டிக் காம்பை எடுத்து வாளி விளிம்பில் லேசாகத் தட்டி, "இப்படியா?" என்றாள். அதேதான்.

"உங்க பெரியப்பா ரசம் கேக்குறது இப்படித்தான். வாயத் திறந்து கேக்க மாட்டாரு. ரெண்டு விரலால தட்டுவாரு, அப்புறம் மோதிரத்தால ஒண்ணு."

இதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் அம்மாவுக்கே தெரியாது. எனக்குப் பயமெல்லாம் போய்ச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. இந்த வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த சேதியை நானல்லவா கொண்டுவந்திருக்கிறேன்.

"பெரியம்மா, அப்ப பெரியப்பா வந்துட்டாரா?"

"எங்க நின்னாரு?"

"வெளியதான். காலே தெரியல."

"வீட்டுப் பக்கம் வரலியா?"

"வரல. அங்கயே நின்னு தட்டினாரு. பசி போல."

அவள் ஈரக் கையால் என் முழங்கைச் சிராய்ப்பைத் துடைத்துவிட்டு, அரிசியை உலையில் போட்டாள்.

மறுநாள் காலையில் மாமா படகடியில் குந்தியிருந்தபோது பெரியம்மா அந்தத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். "இது போதுமான்னு பாருங்க தம்பி" என்றாள். மாமா வாங்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். பல் விளக்கிக்கொண்டிருந்த அப்பா அப்படியே கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டார்.

"சோறு போடுற பக்கம் உள்ள தெரியட்டும்" என்று மாமாவிடம் சொன்னவள், அப்பா பக்கம் திரும்பி, "தம்பி, இந்த அமாவாசைக்கு ஏற்பாடு பண்ணுங்க" என்றாள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பல்பொடி கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

மாமா தட்டின் விளிம்பைத் தட்டிச் சமமாக்கி, டாமாரில் நனைத்த கோணித் துண்டை அடியில் வைத்து, சுற்றிலும் நெருக்கமாக ஆணி அடித்தார். எனக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்துவிட்டது போல இருந்தது. பெரியப்பா ஏதோ காரணத்தால் வீட்டுக்குள் வரவில்லை. அதனால் தட்டு அவரிடம் போகிறது. அமாவாசைக்கு விருந்து.

படகை இறக்கவும் அமாவாசைதான் தோது. தெங்கேரா கரையெல்லாம் சேறு. தண்ணீர் நன்றாக ஏறும் நாளில்தான் சேற்றைத் தாண்டித் தள்ள முடியும். லாரிக்காரர்கள் தூக்கிவிட, படகு ஆடி அசைந்து மிதந்தது. மாமா துடுப்பு போட்டார். அப்பா எள்ளும் தர்ப்பையும் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். நான் டின்னோடு தண்ணீர் இறைக்க. பெரியம்மா நடுவில், ஒரு தூக்குச் சோறும் ஒரு தூக்கு ரசமுமாக. ரசம் எதற்கு அண்ணி என்று அப்பா கரையிலேயே கேட்டார். அவள் தூக்கை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

மாமாவின் வைத்தியம் அரைகுறைதான். அங்கங்கே தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது, நான் இறைத்துக்கொண்டே இருந்தேன். தட்டு இருந்த இடம் மட்டும் உலர்ந்து கிடந்தது. அப்பா எள்ளும் தண்ணீரும் இறைத்து முடித்ததும், பெரியம்மா குனிந்து சோற்றை அந்தத் தட்டின் மேல் போட்டாள். கடலில் அலையே இல்லை.

படகுக்கு அடியிலிருந்து தட்டும் சத்தம் வந்தது. டொக், டொக். டிங்.

மாமாவின் துடுப்பு தண்ணீருக்குள் நின்றுவிட்டது. "அலை" என்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. பெரியம்மா மட்டும், அடுப்படியிலிருந்து கூடத்துக்குப் பேசுகிற குரலில், "இந்தா, ஊத்துறேன்" என்றாள். தூக்கைத் திறந்து சோற்றின் மேல் ரசத்தை ஊற்றினாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். எல்லோரும் காத்திருந்தோம். பிறகு சோற்றைக் கையால் வழித்து வழித்துக் கடலில் போட்டாள். மஞ்சள் கயிற்றைக் கழற்றி அதோடு போட்டாள். கடல் தண்ணீரை அள்ளி நெற்றியை அழுத்தித் துடைத்தாள். அதன்பின் ஒரு சத்தமும் இல்லை.

கரைக்குத் திரும்பும்போது நான் கேட்டேன், "பெரியப்பா வந்துட்டாருல்ல, இப்பப் போயி ஏன் பொட்டை அழிச்சிட்டீங்க?" அப்பா என்னை அதட்ட வாயெடுத்தார். பெரியம்மா அவரைத் தடுத்துவிட்டு, "தண்ணி ஏறுது பாரு, இறைச்சு ஊத்து" என்றாள்.

மெர்டேக்கா வந்தது. மாமா சில நாள் மீன் பிடித்தார், பெரும்பாலும் பிடிக்கவில்லை. பெரியம்மா கடைசிவரை எங்களோடுதான் இருந்தாள். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பிய நாளில்தான் எனக்கு உறைத்தது. உயிரோடு திரும்பி வந்த மனிதர், பசியோடு தன் வீட்டு வாசல் வரை வந்துவிட்டு வெளியே ஏன் நிற்க வேண்டும்? வீட்டுக்குள் கால் வைக்க முடியாதவர்கள்தான் வெளியே நின்று தட்டுவார்கள். அத்தனை வருஷம் அப்பா கெஞ்சியும் அவள் நம்பாததை, சிரித்த முகத்தோடு ஓடிப்போய் நான் சொல்லியிருக்கிறேன். அவர் வந்துவிட்டார் என்றுதான் நான் சொன்னேன். அவர் இனி வரமாட்டார் என்று அவள் கேட்டுக்கொண்டாள், கேட்டுக்கொண்டு என் சிராய்ப்பைத் துடைத்துவிட்டாள்.