குருபரப்பள்ளியில் ஒரு கலங்கரை விளக்கம்

காலை 6.40, ஓசூர் பேருந்து நிலையம். பெங்களூருவை நோக்கி ஊரே ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி வேன்கள் சீருடைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பின. நானும் லாரன்ஸ் அண்ணனும் எதிர்த்திசையில், கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினோம். எங்கள் கடலோர ஊரின் கலங்கரை விளக்கத்தில் முப்பத்தோராண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். குருபரப்பள்ளிக்குத் தலைக்கு முப்பத்தெட்டு ரூபாய். தூரம் முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். அங்கே பழைய இரும்புக் கடைப் பக்கம் இறக்கிவிடச் சொன்னேன்.

"பழைய இரும்புக் கடைக்கா? என்னா சார் வாங்கப் போறீங்க?" என்றார் கண்டக்டர்.

"கலங்கரை விளக்கம்" என்றார் அண்ணன்.

"குருபரப்பள்ளியிலயா? கடலு எப்ப சார் வந்துச்சு, சொல்லவே இல்ல!"

முன்சீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அவ்வளவுதான்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. எங்கள் கலங்கரை விளக்கக் கோபுரத்தின் உச்சியில் ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கூடு நின்றது. பித்தளைச் சட்டத்தில் பட்டை பட்டையாக, வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகக் கனத்த கண்ணாடி. உள்ளே எரிவது சின்ன விளக்குதான். அதைக் கடலின் விளிம்புவரை தள்ளியது அந்தக் கண்ணாடி. புது விளக்கு பொருத்தியதும் பழையதைக் கழிவு ஏலத்தில் விட்டார்கள். கோபுரத்துக்குப் பாரம்பரியச் சின்னம் என்று பலகை. அதன் கண்ணுக்குக் கிலோ விலை. கைமாறிக் கைமாறி அது குருபரப்பள்ளியில் முனிராஜ் என்பவரின் பழைய இரும்புக் கடையில் உருக்காலைக்குக் காத்திருப்பதாகத் தெரியவந்தது. கோபுரத்தடியில் ஓர் அறை தர எங்கள் ஊராட்சித் தலைவர் ஒப்புக்கொண்டார். அங்கே அதை நிறுத்தி ஒரே ஒருமுறை ஏற்றிப் பார்க்க வேண்டும். அண்ணனுக்கு வேறு ஆசை இல்லை. நான்கு நாள் முன்பு நான்தான் போனில் முனிராஜிடம் சொன்னேன்: "அந்தப் பித்தளைக் கூண்டை யாருக்கும் குடுத்துடாதீங்க, நாங்களே எடுத்துக்கறோம்."

7.30, சூளகிரி. குவாரிகள் பாதி தின்று வைத்த மலைகள். பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் மழையறியாத ரோஜாக்கள்.

8.05, குருபரப்பள்ளி. நெடுஞ்சாலையை ஒட்டி, வண்டிகளின் எலும்புகளுக்கு நடுவே முனிராஜ் நின்றார். போனில் யாரையோ கன்னடத்தில் திட்டினார், உள்ளே பார்த்துத் தெலுங்கில் டீ சொன்னார், எங்களுக்குத் தமிழில் கைகூப்பினார்.

"வாங்கண்ணா, வாங்க சார். சரக்கு ரெடி."

புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் சட்டம் வெயிலில் தகதகத்தது. அதன் ஊடாக லாரிகள் போவது தெரிந்தது.

"கண்ணாடி எங்க?" என்றார் அண்ணன்.

"எல்லாம் தட்டி எடுத்துட்டங்க. பித்தளைன்னு கேட்டீங்க. கண்ணாடி வெயிட்டையும் சேத்து பித்தளை ரேட்டுக்குத் தள்ளிவுட்டா நாளைக்கு என்னையத் திட்ட மாட்டீங்களா? நம்ம கடையில அந்த வேலையே கெடையாது." முகத்தில் பெருமை. "ரெண்டு ஆளு, ரெண்டு நாளு சுத்தியலோட நின்னாங்க. என்னா கெட்டி சார் அது!"

மூலையில் மூன்று சாக்குகள்.

அண்ணன் ஒன்றைப் பிரித்து, உள்ளங்கையில் ஒரு துண்டை ஏந்தினார். "வெறுங்கையால தொட்டதே இல்ல தம்பி. ரேகை பட்டா வெளிச்சம் மங்கும்னு துணியாலதான் பிடிப்பேன்."

முனிராஜின் முகம் இறங்கியது. "சார், போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா…"

சொல்லவில்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு வரிக்கு நாலு உவமை தேடுகிறவன் நான், கண்ணாடி என்ற ஒரு சொல்லைச் சொல்லவில்லை. இரும்புக் கடைக்காரருக்கு உலோகம்தான் புரியும் என்று நானே தீர்மானித்திருந்தேன்.

சட்டத்தைப் படமெடுத்து ஊராட்சித் தலைவருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "அட, புதுசு மாதிரி மின்னுதே! கண்ணாடி இல்லாட்டி என்ன சார், இன்னும் நல்லது. உள்ள நின்னு போட்டோ எடுத்துப்பாங்க. ஏத்தி அனுப்புங்க."

அண்ணன் போனை என் கையிலிருந்து வாங்கி அணைத்தார்.

"உருக்கிடுங்க, முனிராஜ்."

"அண்ணா, நல்லா யோசிச்சு…"

"உருக்கிடுங்க. குழாயா ஆனாலும் தண்ணியாவது வரும்."

9.20க்குத் திரும்பும் பஸ் கிடைத்தது. அண்ணன் ஜன்னலோரம் கண்களை மூடிக்கொண்டார். எங்கள் ஊரில் கோபுரம் வெள்ளையடித்து நிற்கிறது. சீட்டு வாங்கி ஏறுகிறார்கள், கடலைப் பார்க்கிறார்கள், இறங்குகிறார்கள். வாசலில் கொடுக்கும் அறிமுகத் தாளை எழுதியவன் நான்தான். உயரம் உண்டு, படிகள் உண்டு, சுவரின் கனம் உண்டு. அது எதைக்கொண்டு ஒளிவிட்டது என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது.