தேசம்மாவின் தோளும் அடுத்தவர் கூடையும்

தேசம்மா பொய் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளம் பிஸியோதெரபிஸ்டுகள் "பேஷன்ட் மறைச்சிட்டாங்க" என்று சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். நாம் கேட்டதற்கு அவர்கள் பதில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் ராயபுரத்தில் ஒரு எலும்பு மருத்துவமனையில் பிஸியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். தேசம்மா காசிமேட்டில் மீன் எடுத்து, தலைச்சுமையாகத் தெருத்தெருவாக விற்பவர். நல்ல உயரம். வலது தோளில் மூட்டுத் தேய்மானம். தலை வாரக் கை எழும்பாது, அந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் கிடையாது. எக்ஸ்ரேயில் மூட்டின் பந்து நன்றாகத் தேய்ந்திருந்தது, அது சுழலும் கிண்ணத்திலும் தேய்மானம் ஆரம்பித்திருந்தது. தசைநார்கள் மட்டும் நல்ல நிலையில் இருந்தன.

சர்ஜன் கேட்டார், "கனம் தூக்குவீங்களா?"

"நான் எங்க டாக்டர் தூக்குறேன்? பக்கத்துல கீறவங்க தூக்கி வுடுவாங்க. நான் நடந்துகினு போவேன்."

அப்படியானால் ஃபுல் ரீப்ளேஸ்மென்ட் என்று முடிவானது. பந்துக்கு உலோகம், கிண்ணத்துக்கு பிளாஸ்டிக். வலி போக பெரும்பாலும் அதுதான் நல்லது. ஆனால் கனம் தூக்கினால் அந்த பிளாஸ்டிக் நாளடைவில் ஆட்டம் கண்டுவிடும்.

ஆபரேஷனுக்கு முன் பயிற்சிக்காக என்னிடம் வந்தார். எனக்குத் திருவொற்றியூர், மீன்காரப் பெண்களைப் பார்த்தே வளர்ந்தவள். மீன் நிறைந்த அன்னக்கூடையை ஒருத்தி தானாகத் தன் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது, பக்கத்தில் நிற்பவள்தான் கை கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால் கேட்டேன், "உங்களுக்குத் தூக்கி விடறாங்க, சரி. நீங்க யாருக்குத் தூக்கி விடுவீங்க?"

சிரித்துவிட்டார். "இன்னாம்மா இப்டி கேட்டுட்ட? எல்லாருக்கும்தான். நான் நெட்டையா கீறேன்ல, என்னியதான் கூப்புடுவாளுங்க."

சர்ஜனிடம் ஓடினேன். அவரும் நல்ல மனுஷன். தேசம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு, மூட்டு மாடலைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்.

"பாதி மூட்டு மட்டும் மாத்தறதும் உண்டு. அதுல ரெண்டு விதம். ஒண்ணு, பந்தை லேசா சீவிட்டு மேல உலோகத் தொப்பி மாட்டறது. உங்க எலும்பு பெரும்பாலும் மிஞ்சும், பின்னாடி வேற ஆபரேஷன் வேணும்னாலும் வழி இருக்கும். இன்னொண்ணு, பந்தையே வெட்டி எடுத்துட்டு, தண்டோட இருக்கற உலோகப் பந்தைக் கை எலும்புக்குள்ள இறக்கறது. ரெண்டுலயும் ஆட்டம் காண பிளாஸ்டிக் கிடையாது. ஆனா உலோகம் உங்க சொந்தக் கிண்ணத்துலதான் உரசும். வலி முழுசா போயிடும்னு நான் சொல்ல மாட்டேன்."

"தொப்பி போட்டா தூக்கலாமா?"

"அளவா. முழுக் கூடையைத் தனியா தூக்கக் கூடாது. ஃபுல் போட்டா அந்த அளவும் வேணாம்."

தேசம்மா மாடலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார். "வலி கொஞ்சம் இருந்தா இருந்துட்டுப் போவட்டும் டாக்டர். நான் தூக்கி வுடாம, எனக்குத் தூக்கி வுடுன்னு எந்த மூஞ்ச வெச்சிகினு கேப்பேன்?"

தொப்பிதான் வைத்தார்கள். பல மாதம் என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டே பயிற்சி செய்தார். அதற்குப் பிறகு வந்த தோள் நோயாளிகள் எல்லோரிடமும், எவ்வளவு தூக்குகிறீர்கள் என்பதோடு யாருக்காகத் தூக்குகிறீர்கள் என்றும் கேட்டேன். நீங்களும் கேளுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் காலையில் மீன் வாங்கக் காசிமேடு போனேன். ஒரு பெண் கூப்பிட, தேசம்மா குனிந்து கூடை விளிம்பைப் பிடித்தார். கூப்பிடாமலே இன்னொருத்தி வந்து, தேசம்மா இருந்த பக்கம் கூடையின் அடியில் கை கொடுத்தாள். கூடை ஏறியது. தேசம்மாவின் கை சும்மா விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இது முன்பே தெரிந்திருந்தால் ஃபுல் வைத்து வலியையும் தீர்த்திருக்கலாமே. அவரைத் தனியே இழுத்து, "வலி எப்படி இருக்கு?" என்றேன்.

"மழ வந்தா உள்ள குடையும். முன்ன மாரி இல்ல."

"கனமெல்லாம் அவங்கதான் தூக்கறாங்க போலிருக்கே?"

தேசம்மா சுற்றிப் பார்த்துவிட்டு என் காதோரம் குனிந்தார்.

"தெரியும்மா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறாளுங்க. நீ எதுனா சொல்லிப்புடாத."