மலை நிழல் கவுண்டரைத் தொட்டால் ஹாரன்

போன ஞாயிறு விழுப்புரம் பைபாஸில் இருக்கிற பெரிய ஓட்டல் ஒன்றுக்கு மகன் கூட்டிப்போனான். வாசலில் ஒரு டூரிஸ்ட் வேன் நின்றது. செஞ்சிக் கோட்டை பார்த்துவிட்டுத் திரும்புகிற கூட்டம். வேன் படியில் உட்கார்ந்து ஒரு பெண் எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்தாள். டீசல் வாசனையும் எலுமிச்சை வாசனையும் சேர்ந்து வந்ததும் என் தலை தானாக மேற்கே திரும்பிவிட்டது. பொழுது எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான். பொழுது எப்போதோ போய்விட்டிருந்தது.

இந்தத் திரும்பலுக்குக் காரணம் சொல்கிறேன். நடுவில் என் பெருமையும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மூணாங்கிளாஸோடு நின்றவன். கிளீனராக ஏறி, ஸ்டியரிங் பிடித்து, திண்டிவனத்தில் சொந்தமாக மூன்று வேன் நிறுத்தியவன். ஞாயிற்றுக்கிழமை டூர் என்றால் இந்தப் பக்கம் நான்தான். காலையில் திருவக்கரை கல்மரம், அப்புறம் திருநாதர் குன்று, கடைசியில் செஞ்சிக் கோட்டை. மரம் எப்படிக் கல்லாகும் என்று எல்லோரும் கேட்பார்கள். எனக்குத் தெரியாது. ஆனாலும் விளக்குவேன். ஒரு காலேஜ் வாத்தியாரே தலையாட்டியிருக்கிறார்.

மேல்சித்தாமூர் பக்கத்திலிருந்து பத்மாவதியம்மா வருஷத்துக்கு ஒருதடவை சொந்தபந்தங்களோடு வருவார். நயினார் வீட்டு அம்மா. நயினார்கள் நம் பக்கத்துச் சமணர்கள்; நம்மைப் போலவே மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்டு வாழ்கிறவர்கள். பொழுது சாய்ந்தால் ஒரு வாய் சாப்பிட மாட்டார்கள். மத்தியானத்துக்கு மட்டும் எலுமிச்சை சாதம் தூக்கில் எடுத்து வருவார்கள். சாயந்திரச் சாப்பாடு வீட்டில். அதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மற்ற டிரைவர்கள் இந்த வாடகையே வேண்டாம் என்று ஓடுவார்கள். நான் ஓடவில்லை.

என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. சாயந்திரம் ராஜகிரி மலையின் நிழல் கிழக்கே இறங்கிவரும். அது டிக்கெட் கவுண்டரைத் தொட்டால் ஹாரன் அடிப்பேன். ஒருதடவை இடம் மிச்சமிருக்கிறதே என்று ஏற்றிவந்த மெட்ராஸ்காரர் மூச்சிரைக்க இறங்கிவந்தார்.

"இன்னாய்யா, பாதி மலைகூட ஏறல. அதுக்குள்ள ஹாரனா?"

"மலை நாளைக்கும் இருக்கும் சார். அந்தம்மா சோறு இருக்காது. ஜல்தி ஏறுங்க."

பத்மாவதியம்மா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். "உன்னக் கண்டா சூரியனே நின்னுக்கினு இருக்குதுப்பா."

பொய்யில்லை. என் வண்டியில் வந்து ஒருநாள்கூட அவர் பட்டினி கிடந்ததில்லை. அவர் வீட்டு வாசலில் எனக்கும் இலை போடுவார்கள். வெளிச்சத்திலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவேன்.

அப்புறம் எனக்குக் கண்ணில் பிரஷர். பக்கப் பார்வை போய், ஸ்டியரிங்கும் போனது. வேன்களை விற்றாயிற்று. பத்மாவதியம்மாவின் பிள்ளைகள் பெங்களூரில். ஊரில் அவர் மட்டும் தனியாக. போன வருஷம் போன் செய்தார்.

"பசங்க இட்டுக்கினு போறேன்றானுங்க. அதுக்குள்ள திருநாதர் குன்ன ஒருவாட்டி பாத்துடணும்பா. நீ கூட வந்தா போதும்."

வாடகைக் காரில், வேறொருவர் ஓட்ட, நான் முன் சீட்டில். அம்மாவால் ஏற முடியவில்லை. கீழே நின்றபடியே மேலே பாறையில் செதுக்கியிருக்கும் இருபத்துநாலு தீர்த்தங்கரர்களையும் நினைத்துக் கும்பிட்டார். திரும்பும்போது அமாவாசை. மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகிற கூட்டம் செஞ்சியை அடைத்துக்கொண்டு நின்றது. எத்தனை அமாவாசையைப் பார்த்தவன் நான்.

"டிரைவர், ஏரிக்கரையில வுடு. உள்வழி இருக்குது."

"மேப்புல ஒண்ணும் காட்டலையே, பெருசு."

"மேப்பு நேத்து வந்தது. நான் சொல்றேன், வுடு."

விட்டான். இரண்டு திருப்பம் வரை என் வழி அப்படியே இருந்தது. மூன்றாவது திருப்பத்தில் மதில் சுவர். அந்தப் பக்கம் மனைக்கட்டு, வரிசையாகப் பெயிண்ட் அடித்த கல். சுவரைத் தாண்டி ராஜகிரி தெரிந்தது. அதன் பின்னால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

"இதான் உன் வழியா, பெருசு?" என்றான் டிரைவர்.

வண்டியைப் பின்னால் எடுத்து மெயின் ரோட்டைப் பிடிப்பதற்குள் விளக்குகள் எரிய ஆரம்பித்துவிட்டன. டிரைவர் தன் பையிலிருந்து வாழைப்பழம் எடுத்து நீட்டினான். "சுகர் மாத்திர போடணும்னீங்களே. இதையாவது சாப்பிடுங்கம்மா."

"வேணாம்பா. பொழுது போயிடுச்சு."

"அம்மா..." என்றேன்.

"பேஜாரு பண்ணிக்காத. இன்னைக்கு நீயா ஓட்டுன? ஒரு ராத்திரிதானே." என்னைத் தேற்றத்தான் சொன்னார். ‘நீயா ஓட்டுன’ என்ற அந்தச் சொல்தான் இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. வீட்டு வாசலில் இறங்கியதும் பசியில் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே மூடிவைத்த சோறு இருந்தது. எனக்கு இலை போடட்டுமா என்று கேட்டார்.

மறுவாரமே பிள்ளைகள் வந்து கூட்டிப்போய்விட்டார்கள். வீடு பூட்டிக்கிடக்கிறது. ஒருதடவை போன் போட்டேன். அவர் மகன்தான் எடுத்தான். அம்மாவுக்கு யாரையும் அடையாளம் தெரிவதில்லையாம். வேளை தெரியாமல் எப்போது ஊட்டினாலும் சாப்பிட்டுவிடுகிறாராம். இருட்டினபிறகுகூட.

"இன்னாப்பா அங்கியே பாத்துக்கினு? தோச ஆறுது" என்று ஓட்டலுக்குள்ளிருந்து என் மகன் கூப்பிட்டான். போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். நிழல் எங்கே விழுந்தால் இப்போது என்ன? நான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய ஆள் யாரும் இல்லை.